மூட்டில்லாத இடத்தில் மடங்கிய கால்

மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தொன்று. ஜன்னல் இல்லாத அறை, கனத்த கதவு, வாசலில் எந்நேரமும் ஒரு வரிசை. உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து அவள் மனசு மரத்துப்போய்விட்டது என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு அதே மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் வேலை. பன்னிரண்டு வயது இளையவன். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அவள்தான். இப்போது உடற்பயிற்சிக் கூடமே கதியென்று கிடந்து, பயில்வான் என்று பேர் வாங்கியிருந்தான். ஊழியர்கள் சேர்ந்து மலை ஏறலாம் என்று கிளப்பிவிட்டதும் அவனே.

"அக்கா, மலையில லிஃப்ட் கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும்டா. நீ மூச்சு வாங்காம வந்து சேரு, போதும்."

காலை ஆறு மணிக்கு ஒன்பது பேரும் ஒரு வழிகாட்டியுமாகப் புறப்பட்டார்கள். பத்தரை மணிக்கு, உச்சிக்குச் சற்றுக் கீழே, கல் உருளும் சரிவு ஒன்று வந்தது. அவள் தயங்கி நின்றாள். முன்னால் போயிருந்த தம்பி திரும்பி இரண்டடி இறங்கிவந்து, "கையைக் குடுக்கா" என்று நீட்டினான். அவன் காலடியில் இருந்த கல் நழுவியது.

தாழ்ப்பாள் விழுவதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். பத்தடி கீழே பாறையில் சாய்ந்து கிடந்தவன், ரொம்பச் சாதாரணமான குரலில் கேட்டான்: "அக்கா, என் காலு ஏன் அந்தப் பக்கம் போகுது?"

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, மூட்டே இல்லாத இடத்தில், கால் மடங்கியிருந்தது.

அதற்கப்புறம்தான் அவன் அலறினான். கூட வந்திருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "எத்தனை பேரை வண்டியில ஏத்தியிருக்கேன்க்கா. ஒருத்தர் விழறதை இப்பதான் பார்க்கறேன்" என்றார்.

அப்படியொரு அலறலை அவள் கேட்டதே இல்லை. அவளிடம் வரும்போது எல்லாம் ஓய்ந்திருக்கும். வெளுத்த முகங்கள்தான் வரும். "அசையாதீங்க, படம் மங்கிடும்" என்று அதட்டுவாள். ஒரு முதியவர் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு கிடந்தது நினைவுக்கு வந்தது. சொன்ன பேச்சு கேட்கிற மனுஷன் என்று அன்று நினைத்தாளே! எதைத் தாங்கிக்கொண்டு அத்தனை பேரும் அந்தப் பலகையில் அசையாமல் கிடந்தார்கள்?

"அழறதெல்லாம் கீழ போய்" என்றார் வழிகாட்டி. அவரிடம் ஒரு கத்தி இருந்தது. பேச்சு அதிகம் இல்லை. மலையேறக் கொண்டுவந்த ஊன்றுகோல்களை இருபக்கமும் வைத்து, மப்ளரால் காலைக் கட்டினாள் கூட வந்த நர்ஸ். வழிகாட்டி வெட்டிக் கொடுத்த இரண்டு கம்புகளை மழைக்கோட்டுக் கைகளுக்குள் நுழைத்துத் தூளி செய்தார்கள். போனில் சிக்னல் இல்லாததால், வேகமாக நடக்கக்கூடிய ஒருவர் முன்னால் ஓடினார். மீதி எட்டுப் பேர், நாலு நாலு பேராக முறைவைத்துத் தூக்கினார்கள்.

முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் அவனுக்குத் தைரியம் சொன்னார்கள். அப்புறம் யாரும் பேசவில்லை. கம்பு தோலை உரித்தது. இறக்கத்தில் முழங்கால்கள் கழன்றுவிடும்போல இருந்தன. குலுங்கும்போதெல்லாம் அவன் முனகினான். நாலாவது மணி நேரத்தில் அவளுக்குள் ஒரு எண்ணம் வந்தது: இவனை இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டால் என்ன?

அந்த எண்ணம் தன்னுடையதுதானா என்று நடந்துகொண்டே யோசித்தாள். தன்னுடையதேதான். உடைந்த காலைப் பார்த்தபோதுகூட அவள் அப்படிப் பயப்படவில்லை. அடுத்த குலுக்கலில் அவன் "அக்கா" என்றான்.

"வாயை மூடுடா!" என்று கத்தினாள்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவளும் நின்றாள். பிறகு, வேறு என்ன செய்வது, கம்பைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டு நடந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே, ஐந்து மணிக்குச் சாலையை அடைந்தார்கள். வண்டி காத்திருந்தது. கம்பை விட்ட பிறகும் அவள் விரல்கள் விரியவில்லை. நர்ஸ்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். அவன் ஊன்றுகோலை விட ஐந்து மாதம் ஆனது. மருத்துவமனையில் அவளை இரும்பு மனுஷி என்று கொண்டாடினார்கள். அது அவளை உள்ளுக்குள் அரித்தது. அதற்கிடையே ஒரு மத்தியானம், அவன் வீட்டு மொட்டைமாடியில் அவனை நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள்.

"உன்னை அங்கயே போட்டுட்டுப் போயிடலாம்னு நினைச்சேன்டா. நிஜமாத்தான்."

அவன் கைப்பிடிச்சுவரைப் பிடித்து நின்றான். "போட்டுட்டுப் போனா நல்லாருக்கும்னு நானும் வேண்டிக்கிட்டேன். சொல்லலாம்னுதான் 'அக்கா'ன்னேன். நீ வாயை மூடச் சொல்லிட்ட."

அவன் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"இன்னும் ரெண்டு சுத்து இருக்கு. வாக்கா."