தூசி இல்லாத திருகு

கார்களுக்கு வேகம் கூட்டித் தரும் பட்டறையில் அவள் மெக்கானிக். அங்கே அவளுக்குப் பெயர் சிஐடி. எஞ்சினே வாய்திறந்து சொன்னாலும் பாதிதான் நம்புவாள். அன்று தம்பி தன் காரைக் கொண்டுவந்தான். மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் டக்டக்கென்று தட்டுகிறதாம்.

"நான் கையே வைக்கலக்கா. பெட்ரோல்தான் சரியில்ல."

எஞ்சின் முழுக்கத் தூசி. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு மட்டும் பளபளத்தது.

"இது மட்டும் தினமும் குளிக்குதாடா?"

"லேசா... ரெண்டு சுத்துதான். பந்தயம் வருதுல்ல."

"பிஸ்டன் உருகிப்போச்சுன்னா பந்தயத்துக்குத் தள்ளிக்கிட்டா போவ?"

திருகைப் பழைய அளவுக்கே வைத்தாள். இனித் தொடமாட்டேன் என்று அவன் சத்தியம் செய்தான். சரியென்று தலையாட்டிக்கொண்டே டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றித் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அது இல்லாமல் கார் வேகமெடுக்காது.

"பந்தயம் முடியட்டும், தர்றேன்."