மும்தாஜ் அக்காவும் லேப் தொலைபேசியும்

சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையில் நின்ற காலை நேரம். ஒருவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கைப்பேசி விடாமல் அடித்தது. எடுத்தால், கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்பாஸ் அண்ணன், மும்தாஜ் அக்காவின் தம்பி. "லதா, அக்கா மவுத்தாயிட்டாங்கம்மா. வெள்ளனே நெஞ்சு வலிக்குதுன்னாங்க. வெரசா வண்டி எடுத்தோம், வழியிலயே முடிஞ்சு போச்சு" என்றார். கட்டிய பட்டையை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். "கை மரத்துப் போகுதும்மா" என்று நோயாளிதான் சொன்னார்.

அடக்கம் முடிவதற்குள் எங்கள் நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலி வந்துவிட்டது. 'நமது பன்முகத்தன்மையின் முகம் மறைந்தது' என்று எழுதி, பொன்னாடையோடு அக்கா சிரிக்கும் படத்தைப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அழுகை நின்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மருத்துவமனை ஒரு பெரிய நிறுவனத்தின் கொடைக்கானல் கிளை. அதன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவருக்குக் காது போய்விட்டது. பேச்சு இருந்தது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கொரோனா வந்து எல்லோரும் மாஸ்க் மாட்டியதும் அதுவும் போயிற்று. வேறொருவராக இருந்தால் மூலையில் முடங்கியிருப்பார். அக்கா ஒரு சட்டம் போட்டார். அவரோடு பேச வேண்டியவர்கள் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று, மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேச வேண்டும். மருத்துவருக்கும் அதே சட்டம்தான். பேத்துப்பாறைக்காரர் ஒருவர் ரிப்போர்ட் தாமதமாகிறது என்று மாஸ்க்குக்குள்ளேயே கத்தினார். "எறக்கிட்டுத் திட்டுங்கண்ணே, பாதித் திட்டு வீணாப் போகுதுல்ல" என்றார் அக்கா. அந்த மனிதர் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அக்கா ஆசைப்பட்டது ஒன்றுதான், பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் பதவி. அனுபவத்தில் அவரை மிஞ்ச அங்கே ஆளில்லை. ஆனால் ஒரு விதி குறுக்கே நின்றது. உயிருக்கு ஆபத்தான முடிவு ஏதாவது வந்தால், பொறுப்பாளர் உடனே மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். "நான் கைப்பேசியில் எழுதி அனுப்புகிறேன், 'பார்த்தேன்' என்று டாக்டர் பதில் போடட்டும்" என்று அக்கா கேட்டார். எங்கள் மருத்துவருக்கும் சம்மதம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை. 'ஒருவருக்காக விதியை மாற்ற முடியாது' என்றது தலைமை அலுவலகம். கேட்ட ஒவ்வொரு முறையும் இதே பதில். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாற்றல் வாங்கிக் கீழே போனார்கள். அக்கா அதே மேசையில் இருந்தார்.

ஒரு நாள் பொறுப்பாளர் விடுப்பில் இருந்தார். நானும் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுக்க வெளியே போயிருந்தேன். கவுஞ்சியிலிருந்து வந்திருந்த பூண்டு விவசாயி ஒருவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. எந்த நேரமும் இதயம் நின்றுவிடலாம். அக்கா தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடி, மருத்துவரின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். விவசாயி பிழைத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து, தொலைபேசியில் ஏன் தெரிவிக்கவில்லை என்று விளக்கம் கேட்டார்கள். "ஓடிப்போய்ச் சொன்னது தப்பாம்டி. உக்காந்த எடத்துலருந்து சொன்னாத்தான் சரியாம்" என்றார் அக்கா. அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அதே ஆண்டுதான் 'அனைவருக்கும் இடமுள்ள பணியிடம்' என்று விழா எடுத்தார்கள். அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சென்னையிலிருந்து ஓர் அம்மையார் திரையில் தோன்றி ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். படம் மங்கல், உதடு தெரியவில்லை. பேசுவதைக் கீழே எழுத்தில் காட்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா என்னை இடித்து, "என்னடி சொல்றாங்க?" என்று கேட்டார். "ஒங்களப் பத்தித்தான்க்கா, பெருமையா" என்றேன். "என்னையப் பத்தி ஊருக்கே சொல்றாங்க. எனக்குச் சொல்ல மாட்டேங்குறாங்களே" என்றார். பிறகு எல்லோரும் கைதட்டுவதைப் பார்த்து அவரும் தட்டினார்.

அக்கா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, சுற்றறிக்கை ஒன்று வந்தது. அடிக்கடி வரும் தொலைபேசி அழைப்புகள் மருத்துவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கின்றனவாம். ஆபத்தான முடிவுகளை இனி எல்லாக் கிளைகளும் கைப்பேசியில் எழுதி அனுப்பினால் போதுமாம். தலைமை அலுவலக மேலாளரைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். "சார், ஒருத்தருக்காக மாத்த முடியாதுன்னு மும்தாஜ் அக்காகிட்டச் சொன்னீங்களே?" என்றேன்.

"அது ஒருத்தருக்கும்மா. இது டாக்டர்ஸ் எல்லாருக்கும்ல" என்றார். அவர் குரலில் கூச்சம் கொஞ்சமும் இல்லை.

நேற்று வடகவுஞ்சியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ரத்த அளவு மிகவும் குறைந்திருந்தது. எழுதி அனுப்பினேன். கைப்பேசியைக் கீழே வைப்பதற்குள் 'பார்த்தேன்' என்று மருத்துவரின் பதில் வந்துவிட்டது. இவ்வளவுதான் காரியம். இந்த ஒரு வார்த்தையைத் தர மறுத்துத்தான் அவரைக் கடைசிவரை அதே மேசையில் உட்கார வைத்தார்கள்.

அக்காவின் பொறுமையை இப்போது எல்லோரும் புகழ்கிறார்கள். அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அந்தச் சிரிப்புக்குக் கீழே ஒரு கோபம் இருந்தது, பக்கத்து மேசையில் இருந்த எனக்குத் தெரியும். நான் வைத்துக்கொண்டது அதைத்தான். இந்த ஆண்டு விழாவில் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.