நாற்பது சென்டிமீட்டர் கை

வாடிக்கையாளரின் மேற்கையைச் சுற்றி டேப்பைப் போட்டதும், கிரேஸ் அம்மாள் தம் சுட்டுவிரலை அதனடியில் நுழைத்துப் பார்க்கிறார். "வெரல் போவணும். போவலைன்னா அது ஜாக்கெட் இல்லம்மா, வெலங்கு." லிங்கராஜபுரத்தில், இருவர் நின்றால் நிறைந்துவிடும் அந்தத் தையல் கடையில், முப்பத்தோர் ஆண்டுகளாக அந்த விரல்தான் சட்டம்.

வயது அறுபத்தெட்டு. கோலார் தங்கவயலில் பிறந்து, மணமாகி இங்கு வந்தவர். குண்டூசியைக் கடித்தபடி பேசுவார். ஒரு சொல்லும் நசுங்காது. அவருடைய பருமனை யாரேனும் கேலி செய்தால், "ஆண்டவரு துணி கொஞ்சம் ஜாஸ்தி வுட்டுட்டாரு, உனக்கென்ன?" என்பார்.

சென்ற ஆண்டு இரு கண்களிலும் புரை விழுந்தது. ஊசித்துளை மறைந்தது, நூல் கோக்க எதிர்க்கடைப் பிரபாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அறுவைக்குப் போனால், இரத்த அழுத்தம் 180-க்கு மேல் என்று திருப்பி அனுப்பினார்கள். மார்ச் 4: 184. ஏப்ரல் 9: 186. மே 14: 182. மூன்று சீட்டுகளின் நகலும் பக்கத்து வீட்டில் இருக்கும் என் கோப்பில் உள்ளன. யாரோ தவறாக எழுதிய ஓர் எண்ணால் வேலையை இழந்த எனக்கு, எந்தத் தாளையும் எறியும் வழக்கம் இல்லை.

இரண்டு முறை மாத்திரை கூடியது. எழுந்தால் தலை சுற்றியது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. "கடையை மூடிடுங்கம்மா," என்றாள் மகள்.

ஜூன் 18 அன்று மருத்துவமனைக்கு நானும் உடன் சென்றேன். செவிலியர் அழுத்தம் அளக்கும் கைப்பட்டையைச் சுற்றினார். அது நுனியில் மட்டும் ஒட்டியது, காற்று ஏறியதும் பிரிந்தது.

"அஜ்ஜி, கை அல்லாடிஸ்பேடி!" பாட்டி, கையை ஆட்டாதீங்க என்று கன்னடத்தில் அதட்டல்.

"நான் எங்க ஆட்டுனேன் சிஸ்டர்? இது என் கைக்குத் தெச்சதே இல்ல."

கைப்பையிலிருந்து டேப் வெளிவந்தது. தம் மேற்கையில் சுற்றி, விரலை நுழைத்து, என்னைப் படிக்கச் சொன்னார். நாற்பது சென்டிமீட்டர். பட்டையின் ஓரத்தில் அச்சிட்டிருந்ததையும் படித்தேன்: 22 முதல் 32 வரை.

"எட்டு கம்மி! எட்டு கம்மியாத் தெச்சுட்டு கஸ்டமரைத் திட்டுனா, என் கடைல கல்லு வுழும் சிஸ்டர்."

செவிலியர் சிரித்துவிட்டார். அலமாரியிலிருந்து, உறையே பிரிக்காத பெரிய பட்டை வந்தது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து இருமுறை அளந்தார்: 148, 146. மருத்துவர் நிற்கவைத்து அளந்தார்: 118. "சின்னப் பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டியிருக்கு. மாத்திரை ஜாஸ்தியாகி, எழுந்தா பிரஷர் இறங்குது, தலைசுத்தல் இதனாலதான்," என்று சீட்டில் ஒரு மாத்திரையை அடித்துவிட்டு, அறுவைக்கு நாள் குறித்தார். மற்ற மாத்திரைகளைக் கிரேஸ் அம்மாள் இன்றும் தவறாமல் விழுங்குகிறார்.

நேற்று அந்தச் செவிலியரே ஜாக்கெட் தைக்க வந்திருந்தார். கிரேஸ் அம்மாள் அவர் கையில் டேப்பைச் சுற்றினார், விரலை நுழைத்தார்.

"சிஸ்டர், கை அல்லாடிஸ்பேடி."

பின்பு ஊசியை வெளிச்சத்துக்குத் தூக்கினார். எதிர்க்கடைப் பிரபா எழுந்து வருவதற்குள், நூல் மறுபக்கம் வந்திருந்தது.