ஒரே வீட்டில் நிரப்பிய இரண்டு போம்கள்

1. சேர்ந்த நாள்

எண்பத்தாறாம் ஆண்டு எனக்கு இருபத்தைந்து வயது. பட்டம் முடித்துவிட்டு யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில் வீட்டோடு இருந்து ரியூசன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மனநலம் பற்றிய ஆய்வு ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இன்டர்வியூவுக்குப் போனேன். ஆய்வை நடத்திய டொக்டர் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உமக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?"

"ஓம் சேர்."

"அப்ப நாளைக்கே வாரும்."

எங்கள் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் பெண்கள். அதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. இளம் ஆண்பிள்ளைகள் சைக்கிளில் ஊரூராகத் திரிந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் இருந்த யுத்தகாலம். ஆகவே ஆண்களைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் செய்யப்பட்ட ஆய்வில் கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் பெண்களாக இருந்தோம். அது ஆய்வின் முடிவையே மாற்றக்கூடிய விசயம் என்று அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மனத்துன்பம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே விதமாக வருகிறதா, வேறு விதமாக வருகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். நாங்கள் நிரப்ப வேண்டிய போமில், அதாவது படிவத்தில், இருபது கேள்விகள். அடிக்கடி தலையிடிக்கிறதா, நித்திரை குறைவா, அழுகை வருகிறதா, சும்மா பயம் வருகிறதா என்று இப்படி. ஒவ்வொரு 'ஓம்' பதிலுக்கும் ஒரு புள்ளி. எட்டுக்கு மேலே போனால் கிளினிக்குக்கு ரெபர் பண்ண வேண்டும். கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

டொக்டர் கண்டிப்பானவர், ஆனால் நல்லவர். "போமிலை உள்ளதை மட்டும் கேளும், பிள்ளை. உம்மடை அபிப்பிராயத்தை அதுக்குள்ளை கலக்காதையும்" என்று முதல் நாளே சொன்னார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

2. குருநகர் வீடு

மூன்றாவது மாதம் எனக்குக் குருநகர் கிடைத்தது. கரையோரத்து ஒழுங்கை ஒன்றில் அருளப்பு, திரேசம்மா என்ற தம்பதியின் வீடு. அவருக்கு நாற்பது வயது இருக்கும், கடற்றொழில். அவவுக்கு ஐந்தாறு வயது குறைவு. பெண்பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

திரேசம்மாவை அடுப்படியில் வைத்துக் கேட்டேன். ஒளிக்காமல் பதில் சொன்னா.

"நித்திரை எப்பிடி அக்கா?"

"எங்கை நித்திரை? ஏழு மாசமா இல்லை."

"பயம் வாறதோ?"

"எந்த நேரமும்."

"எப்ப தொடக்கம்?"

"அவரின்ரை தம்பி கடலுக்குப் போய் வராமல் விட்ட நாள் தொடக்கம்."

கடலில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கடலுக்குப் போய் வராதவர்களைப் பற்றி ஒருவரும் விபரம் கேட்பதில்லை. போமிலும் அந்தக் கேள்வி இல்லை. அவவுடைய ஸ்கோர் பதின்மூன்று.

அருளப்பு முற்றத்துப் பூவரச நிழலில் கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட இருபது கேள்விக்கும் தலை நிமிராமல் "இல்லை" என்றார். கடைசிக் கேள்வி, சீவிக்கப் பிடிக்கவில்லை என்று எப்போதாவது நினைத்தீர்களா என்பது. அதற்கும் அதே குரலில் "இல்லை" என்றார். ஸ்கோர் சைபர்.

எழும்பும்போது ஒன்றைக் கவனித்தேன். பொத்தி முடித்த வலைக்கண்ணைக் கத்தியால் அறுத்துவிட்டு, அதே இடத்தை அவர் திரும்பவும் பொத்தத் தொடங்கினார். பார்த்துக்கொண்டு நின்றேன். முடித்ததும் மறுபடி அறுத்தார். போமில் அதை எழுத இடம் இல்லை. நான் எழுதவில்லை.

3. குளிசை

விதிப்படி திரேசம்மாவைக் கிளினிக்குக்கு ரெபர் பண்ணினேன். அவ வரமாட்டன் என்றா. நான் இரண்டு தரம் வீட்டுக்குப் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தேன். டொக்டர் போமைப் பார்த்து, ஆறுதலாகக் கதைத்து, நித்திரைக்குக் குளிசை எழுதிக்கொடுத்தார்.

வெளி விறாந்தையில் அவ மருந்துத் துண்டை என்னிடம் நீட்டினா.

"தங்கச்சி, இது வேண்டாம். தலையிடிக்கு மட்டும் தரச் சொல்லுங்கோ."

"ஏன் அக்கா? நித்திரை கொண்டாத்தானே சுகம் வரும்."

"எனக்கு நித்திரை வேண்டாம்."

வருத்தக்காரர் சொல்கிற வழக்கமான மறுப்பு இது என்று நினைத்தேன். "டொக்டர் தந்தால் போட வேணும்" என்று சொல்லி, மருந்தை நானே எடுத்து அவவுடைய கையில் வைத்தேன். அவ அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனா.

ஐந்து நாள் கழித்து, அதே ஒழுங்கையில் வேறொரு வீட்டுக்காகக் காலை எட்டு மணி போல் போனேன். கரையில் சனம் கூடி நின்றது. அருளப்பு விடியப்புறம் வலையும் இல்லாமல், ஆள் துணையும் இல்லாமல் சின்ன வள்ளத்தில் போயிருக்கிறார். ஆழமில்லாத கடலில் மீன் பிடிக்கக் கட்டிய களங்கண்டிக்குப் போன இரண்டு பேர் வெறும் வள்ளம் மிதப்பதைக் கண்டு, தேடி, அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கியிருக்கிறார்கள். உயிர் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

திரேசம்மா ஈர மணலில் இருந்தா. என்னைக் கண்டதும் சத்தம் போடவில்லை. ஏசவும் இல்லை.

"ஏழு மாசம் முழிச்சிருந்தனான், தங்கச்சி. அவர் எழும்பினா நானும் எழும்புவன். படலையடிக்குப் போனா நானும் போவன். நேற்றுத்தான் அந்தக் குளிசையைப் போட்டனான். படுத்தது தெரியும். பிறகு ஒண்டும் தெரியாது."

நான் அவவுக்குப் பக்கத்தில் மணலிலேயே இருந்துவிட்டேன்.

4. டொக்டரின் மேசை

அன்று மத்தியானம் கந்தோரில் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலையை அறுத்து அறுத்துப் பொத்தியதையும் சொன்னேன்.

"சேர், அந்த மனுசிக்கு நித்திரை வராத வருத்தம் இல்லை. அவ காவல் இருந்தவ."

அவர் பைலிலிருந்து இரண்டு போமையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"குளிசை எழுதினது நான். உம்மிலை பிழை இல்லை."

"வேண்டாம் எண்டு அவ சொன்னவ, சேர். நான் அதை உங்களிட்டைச் சொல்லேல்லை."

அவர் எழும்பி, "வாரும், வார்ட்டுக்குப் போவம்" என்றார்.

அருளப்பு கட்டிலில் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். டொக்டர் பக்கத்து வாங்கை இழுத்துப்போட்டு அதில் இருந்தார். இருபது கேள்வியில் ஒன்றையும் கேட்கவில்லை.

"வலையை ஏன் அறுத்து அறுத்துப் பொத்திறீர்?"

அருளப்பு கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "கை சும்மா இருந்தா அவன்ரை முகம் வருது."

"ஆரின்ரை முகம்?"

"தம்பியின்ரை. அண்டைக்கு எனக்குக் காய்ச்சல், ஐயா. என்ரை இடத்துக்கு அவன் போனவன்."

பிறகு அவர் அழுதார். வார்ட்டில் இருந்தவர்கள் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டொக்டர் அவருடைய கையைப் பிடித்தபடி இருந்தார். அழுகை அடங்கியதும், "இந்தப் பிள்ளை வந்து கேட்ட நேரம் ஏன் இல்லை எண்டனீர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அருளப்பு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அழுறனீங்களோ எண்டு ஒரு பொம்பிளைப்பிள்ளை வந்து கேட்டா, ஓம் எண்டு எப்பிடி ஐயா சொல்லுறது? ஆம்பிளை கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டன்."

அடுத்த கிழமை டொக்டர் எங்கள் ஐவரையும் கூப்பிட்டு இருத்தினார். பெண்களுக்குத்தான் துன்பம் கூட என்று அதுவரை வந்த கணக்கை வைத்து ஓர் அறிக்கை எழுதத் தொடங்கியிருந்தார். அதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். போமில் புதிதாகச் சில கேள்விகள் சேர்த்தோம். தொழிலுக்குப் போவது குறைந்திருக்கிறதா, குடி கூடியிருக்கிறதா, ஆட்களோடு கதைக்காமல் இருக்கிறாரா, கோபம் எப்படி. கடைசியில் ஒரு கேள்வி என்னுடையது: வீட்டில் வேறு யாரையும் நினைத்து முழித்திருக்கிறீர்களா? கண்ணால் கண்டதை எழுத அரைப் பக்கம் வெறுமையாகவும் விட்டோம். முடித்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனோம். வெயிலில் சைக்கிள் மிதித்த அந்த மாதங்களில் நாங்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

5. திரேசம்மா

அருளப்பு கிழமைக்கு ஒருக்கால் கிளினிக்குக்கு வந்தார். மருந்து கொஞ்சம், கதை நிறைய. ஆறு மாதத்தில் கூட்டாளிகளோடு களங்கண்டிக்குப் போகத் தொடங்கினார். அந்த இரண்டு போமையும் நான் இனி ஒரு பாடமாக மட்டும் நினைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை அவர் திரேசம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார். அவ பாதியாக மெலிந்திருந்தா. மூன்று கிழமையாகச் சமைக்கவில்லை, தலை வாரி இழுக்கவில்லை, படுத்த பாய்தான் என்று அவர் சொன்னார். சமையலையும் பிள்ளைகளையும் தான் பார்ப்பதாகக் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

எனக்கு விளங்கவில்லை. "அக்கா, இப்பதானே அவருக்குச் சுகம் வந்தது. இப்ப என்ன வந்தது உங்களுக்கு?"

அவ மெல்லச் சிரித்தா. "அவர் நித்திரை கொள்ளத் தொடங்கினாப் பிறகுதான், தங்கச்சி, எனக்கு விழ நேரம் கிடைச்சது."

அதுவரை நான் ஒரு பிழையிலிருந்து இன்னொரு பிழைக்குத் தாவியிருந்தேன். முதலில் வருத்தம் அவவுக்குத்தான் என்று நினைத்தேன். பிறகு வருத்தம் அவருக்குத்தான், அவவுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அவவுக்கும் ஒரு துக்கம் இருந்தது. பதினாறு வயதில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எட்டு வயதாக இருந்த மச்சானை, அருளப்புவின் தம்பியை, வளர்த்தவ அவதான். அவனுக்காக அழ அவவுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை.

பிறகு முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். ஆண்களுக்கு எத்தனை, பெண்களுக்கு எத்தனை என்று எத்தனையோ அட்டவணை போட்டேன். அவை தேவையானவைதான். ஆனால் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: ஒரு வீட்டில் ஒருவர் பலமாக நிற்கிறார் என்றால், அவர் இன்னும் தன் முறைக்காகக் காத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று கிளினிக்கில் பெண்களுக்கென்று ஒதுக்கிய வாங்கில் அருளப்பு மனைவியோடு இருந்தார். மற்றப் பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவ அவருடைய தோளில் சாய்ந்து அங்கேயே நித்திரையாகிவிட்டா. பேர் கூப்பிட்டபோது அவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அவ எழும்பட்டும் பிள்ளை. அடுத்த ஆளை விடுங்கோ."