ஆமையின் தண்ணீர்

அந்த ஈஸ்டர் விடுமுறைக்கு அம்மாவை நோர்பரியில் அண்ணை வீட்டில் விட்டுவிட்டு, அரிசோனாவில் இருக்கும் தங்கச்சியிடம் நான் மட்டும் போனேன். முழங்கால் வருத்தத்தோடு அம்மாவால் அவ்வளவு நேரம் பிளேனில் இருக்க ஏலாது. "போட்டு வா பிள்ளை, நான் எங்க ஓடியா போகப்போறன்?" என்றார். அப்பா தவறிப்போனபின் வந்த முதல் ஈஸ்டர் அது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டும் போனேனே! பிளேனில் ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் குறுகுறுப்பில்தான் போன இடத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் வீடியோ கோலில் அம்மாவுக்குக் காட்டிக்கொண்டே திரிந்தேன்.

தங்கச்சி ஒருநாள் விடியவே பாலைவனப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். வசந்த காலத்திலும் அங்கே காலையில்தான் நடக்கலாம். பிறகு வெயில் மண்டையைப் பிளந்துவிடும். பாலைவனம் என்றால் வெறும் மணல் என்று நினைத்திருந்த எனக்கு வாயடைத்துப்போனது. பனைபோல நிமிர்ந்த கள்ளிகள், அவற்றின் அடியில் கண் எட்டும் தூரம்வரை மஞ்சள் பூ. ஆட்கள் சைக்கிள் ஓடினார்கள், குருவி பார்த்தார்கள், நிழல் கண்ட இடத்தில் துணியை விரித்துச் சாப்பிட்டார்கள். வாசலில் பெரிய அறிவித்தல் பலகை ஒன்று நின்றது. "ஒருக்கா வாசியுங்கோ அக்கா" என்றாள் தங்கச்சி. எனக்கு எங்கே நேரம்? அம்மா லைனில் நிற்கிறார்.

பாதையோரத்தில் சின்னச் சட்டியளவில் ஓர் ஆமை பூத் தின்றுகொண்டிருந்தது.

"அம்மா, இஞ்ச பாருங்கோ, ஆமை!"

"எங்க? கல்லுத்தானே தெரியுது. கிட்டப் பிடி பிள்ளை."

ஒரு கையில் போன், மறு கையால் ஆமையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். அவ்வளவுதான். அது மூத்திரம் பெய்து, என் மணிக்கட்டில் தொடங்கிக் காலில் கிடந்த சப்பாத்துவரை நனைத்துவிட்டது. "ஐயோ, சனியனே!" என்று கத்தினேன். அம்மா சிரித்தார். அப்பா போனபின் அந்தச் சிரிப்பை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று ஆமையை இன்னும் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன்.

"வையுங்கோ அக்கா! உடன கீழ வையுங்கோ!"

"ஏனடி, நீயென்ன ஆமைக்கு வக்கீலோ?"

ஆமையைக் கீழே வைத்தேன். நான் அம்மாவின் கோலைத் துண்டித்தபிறகுதான் தங்கச்சி விளக்கம் சொன்னாள். "அது மாரியில குடிச்ச தண்ணி அக்கா. உள்ளுக்குச் சேர்த்து வைச்சுத்தான் அடுத்த மழை மட்டும் உயிரோட கிடக்கும். பயந்தால் எல்லாத்தையும் விட்டிடும். உந்தப் பலகையில எழுதிக் கிடக்கு."

"அடுத்த மழை எப்ப?"

"ஆடியில. வந்தால்."

என் போத்தல் தண்ணீர் முழுவதையும் அதன் முன்னால் ஊற்றினேன். அது தலையை வெளியே நீட்டவேயில்லை. ஊற்றியதை மண் குடித்துவிட்டது. "வாங்கோ, நாங்கள் நிண்டால் இன்னும் பயப்படும்" என்று தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

திரும்பி வந்தால், அம்மா அந்தக் கதையை வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் அதுதான் கதை. "என்ர பெட்டையை ஆமை குளிப்பாட்டிப்போட்டுது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் பல்லைக் காட்டுவேன். அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்கு மனம் வருமா? தங்கச்சியோடு கதைக்கும்போது மட்டும், "அங்க மழை பெஞ்சதோ?" என்று கேட்பேன். "இன்னும் இல்லை அக்கா" என்பாள். ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஆடி பிறக்கும் முன்பே எங்கள் குளிர் ஊரான நோர்பரியிலும் வெயில் கொளுத்தியது. அம்மாவுக்கு ஐஸ் போட்டுத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கிளாஸைப் பார்த்தபடி இருந்தார்.

"அந்த ஆமை பாவம், அங்க எப்பிடி வெயில் எரிக்குதோ. நீ அதுக்குக் கொஞ்சம் தண்ணி குடுத்தனியோ பிள்ளை?"

"ஓம் அம்மா. குடுத்தனான்."

"எனக்குத் தெரியும். என்ர பிள்ளை ஒருத்தரையும் தாகத்தோட விடமாட்டாள்" என்று சொல்லி மீதியைக் குடித்தார்.