இருமச் சொல்பவர்

ஒவ்வொரு படுக்கைக்கும் போகுமுன் அவர் தன் தொடையில் இரண்டு முறை தட்டிப் பார்ப்பார். உள்ளங்கையைத் தண்ணீர் அள்ளுவதுபோலக் குழித்துத் தட்டினால் 'பொக்' என்று கேட்கும். 'பட்' என்று கேட்டால் நோயாளிக்கு வலிக்கும், மறுபடி குழிப்பார்.

அறுவை சிகிச்சைப் பிரிவில் முதுகைத் தட்டி, நெஞ்சுச் சளியை இருமித் துப்ப வைப்பது அவர் வேலை. பதினெட்டு வருடமாக அதேதான். எல்லோருக்கும் 'தட்டு அண்ணன்'. அப்பாவுக்கு வயிற்றில் அறுவை முடிந்த மறுநாள் வந்தார்.

"தலையணையை வயித்தோட அணைச்சுக்கிட்டு இருமுங்க ஐயா. தையல் பிரியாது."

"பிரிஞ்சுதுன்னா?"

"நானே ஊசி நூலோட வரேன்."

சிரிக்கப்போன அப்பா இருமிவிட்டார். வலியில் முகம் கோணியது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, அவர் அறை வாசலிலேயே நின்றார். "என்ன, சத்தத்தையே காணோம்?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து ஒரு இருமல் இல்லப்பா. நிம்மதியா தூங்குறாரு." அம்மாவின் குரலில் பெருமை.

அவர் அப்பாவின் முதுகில் கைவைத்தார். உடம்பு கொதித்தது. நெஞ்சின் அடியில் யாரோ ஈரத்துணியைக் கிழிப்பதுபோல மூச்சு வந்தது. அவர் எதுவும் கேட்குமுன் அம்மா கைப்பையிலிருந்து இருமல் மருந்துப் புட்டியை எடுத்து நீட்டினாள். டாக்டருக்குத் தெரியாமல் வாங்கியது.

"மூச்சுக்குழாய்க்குள்ள பொடிமயிர் இருக்கும்மா. கிருமியைச் சளியில ஒட்டி மேல தள்ளிக்கிட்டே இருக்கும். மயக்கமருந்துல அதுங்க ஏற்கெனவே அசந்து கெடக்கு. மிச்சமிருந்த காவக்காரன் இருமல் ஒண்ணுதான். அவனையும் தூங்க வெச்சிட்டீங்களே."

"பொழைச்சுக்குவாரா தம்பி?"

"மொதல்ல எழுப்பி உட்கார வைங்க."

புட்டியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். நிமோனியா என்றார்கள். ஊசி, ஆக்சிஜன். இரண்டு மணிக்கொரு முறை அவர் வந்து தட்டினார். மறுநாள் மதியம் அப்பா கிண்ணத்தில் துப்பியதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "நல்லா வருது ஐயா, இன்னும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்றார். காய்ச்சல் இறங்க மேலும் மூன்று நாளாயிற்று.

ஒரு மாதம் கழித்து அப்பாவைக் காட்டப் போனபோது அந்தப் பிரிவில் வேறொருவர் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணனை ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள் நர்ஸ். அப்பாவுக்குச் சளி எப்படிக் கட்டியது என்று பெரிய டாக்டர் விசாரித்திருக்கிறார். முந்தின நாள் தட்ட மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார் இவர்.