மேகம் வைத்த மரம்

மோகனூர் தங்கசாமி போர்வெல் ரிக் வண்டியோடு வடநாடெல்லாம் சுற்றிப் பூமியில் ஓட்டை போட்டவர். ராஜஸ்தானில் தண்ணீரைக் காட்டி மாலை வாங்கியிருக்கிறார். சத்தீஸ்கரில் வெறும் புழுதியைக் காட்டிவிட்டு அடி வாங்காமல் தப்பியிருக்கிறார். ஊர் ஊராகப் பெண் பார்த்து ஓய்ந்து, நாற்பதை நெருங்கும்போது தனப்பிரியாவைக் கட்டினார். பிறகு ஊரோடு வந்து, அப்பன் வைத்துவிட்டுப் போன தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை பெரிய சரித்திரத்தில் அவர் எங்கேயும் பயந்ததாகத் தகவல் இல்லை. பயம் பின்னாளில்தான் வந்தது. பென்சில் ரூபத்தில் வந்தது.

மகள் இனியாவுக்கு எல்.கே.ஜி. சீட்டு வேண்டும். நாமக்கல் ரோட்டில் புதிதாக எழும்பிய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தேர்வு கிடையாதாம். பச்சை மண்ணுக்குத் தேர்வு வைப்பது பாவமாம். ஆகவே அப்பன்மாருக்குத் தேர்வு. வீட்டுப்பாடத்தை எல்லாம் அம்மாக்களே செய்து தீர்க்கிறார்கள் என்று நிர்வாகம் கண்டுபிடித்திருந்தது. 'தந்தை ஓர் எளிய கார்ட்டூன் மரம் வரைய வேண்டும். குழந்தை அதை அடையாளம் காண வேண்டும்' என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. மரம் சரியில்லை என்றால் சீட்டும் இல்லை.

தனப்பிரியா செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்து ஒரு வீடியோவைப் போட்டாள். "கீழ ரெண்டு கோடு, மேல ஒரு மேகம். மரம் ரெடி!" என்றது அதிலிருந்த பெண்குரல்.

"மேகத்தக் கொண்டாந்து எதுக்கு மரத்து மேல வெக்கறாங்க?" என்றார் தங்கசாமி.

"மேகமில்லீங்க மாமா. அதுதான் எலை."

"அப்ப மட்டை எங்க?"

"என்ன மட்டை?"

"ஏம்புள்ள, மரம்னா மட்டை வேண்டாமா?"

தனப்பிரியா ராசிபுரம் நெய்க்கடைக்காரர் மகள். தோப்புக்காரர்களின் பாஷை அவளுக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. தோப்புக்காரர்களுக்கு மரம் என்றால் தென்னை. உங்களுக்கு எத்தனை மரம் என்று கேட்டால் தென்னையைத்தான் எண்ணிச் சொல்வார்கள். வேம்பு வெறும் வேம்பு, புளி வெறும் புளி. அவையெல்லாம் நூறு வருஷம் நின்றாலும் மரம் என்று பேர் வாங்க முடியாது. வெட்டினால் விறகு என்று வேண்டுமானால் பேர் வாங்கலாம்.

"பொதுவா ஒரு மரமுங்க," என்றாள் தனப்பிரியா.

"பொதுவான்னா? பொதுவா ஒரு மாடுன்னு சந்தையில ஓட்டிட்டு வருவாங்களா? பாலு குடுக்குதா, ஏரு ஓட்டுதான்னு கேக்க மாட்டாங்க?"

இதற்குள் வீடியோவில் மரத்தின் நடுவே ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. தங்கசாமி பதறிப்போனார். "ஐயோ, வண்டு தொளைச்சிருக்குது! மருந்து வெக்காம படம் புடிச்சிட்டு இருக்கறாங்களே!"

"அது அணில் பொந்துங்க."

அடுத்து மரத்துக்கு இரண்டு கண் வந்தது. சிரித்த வாய் வந்தது. தங்கசாமி போனைக் கவிழ்த்து வைத்தார்.

"புள்ளைக்குச் சீட்டு வேணுமா, வேண்டாமா?" என்றாள் தனப்பிரியா.

"வேணும்."

"அப்பக் கேள்வி கேக்காம மேகத்தப் போடுங்க."

போட்டார். முதல் மேகம் முட்டைக்கோசாக வந்தது. அடுத்தது குடல்போல் சுருண்டது. கோடுகள் மட்டும் போர்வெல் பைப்பாட்டம் நெட்டுக்குத்தாக நின்றன.

"அடியில கொஞ்சம் வளைச்சு உடோணுமுங்க மாமா."

"பைப்ப வளைச்சா உள்ள இருக்கறதெல்லாம் மாட்டிக்கும் புள்ள!"

தேர்வு நாளன்று அப்பன்மாரைக் குழந்தை நாற்காலிகளில் வரிசையாக உட்கார வைத்தார்கள். முழங்கால் ஒவ்வொருவருக்கும் தாடையைத் தொட்டது. பக்கத்தில் கோழிப்பண்ணை குருமூர்த்தி போட்ட மேகம் அச்சு அசல் முட்டையாக இருந்தது. அதைப் பார்த்ததும் தங்கசாமிக்குச் சற்றே தெம்பு வந்தது. கோடு போட்டார், மேகம் போட்டார். அதோடு கையை எடுத்திருக்கலாம். ஆனால் மொட்டையாக நிற்கிறதே என்று மனசு கேட்கவில்லை. மேகத்துக்கு அடியில் ஒரு குலை தொங்கவிட்டார். ஒரு பாளையை நீட்டினார். ஏறுகிறவன் கால் வைக்கவும் இடம் வெட்டிக் கொடுத்தார்.

தலைமை மிஸ் அக்சிலியா சேலத்துக்காரர்; எதற்கும் புன்னகை மாறாதவர். தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது என்ன மரம்?"

"நீங்க சொன்ன மரமுங்க."

"நான் மரம்னு மட்டுந்தானே சொன்னேன்?"

"அதேதானுங்க."

"சரி, எந்த மரம்?"

"அதத்தானுங்க நானும் ஊட்டுல கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

மிஸ்ஸின் புன்னகை அரை அங்குலம் குறைந்தது. இனியாவைக் கூப்பிட்டார். "பாப்பா, அப்பா என்ன வரைஞ்சிருக்காரு?"

இனியா உற்றுப் பார்த்தாள். "தெரியலீங்க மிஸ்."

சீட்டு போயிற்று என்று, கதவோரம் நின்ற தனப்பிரியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மிஸ்ஸுக்கே பாவமாகப் போய்விட்டது. மாதிரிக்கென்று பள்ளிக்கூடமே சுவரில் ஒட்டியிருந்த மரப் படத்தைக் காட்டினார். பச்சை மேகம், அதில் சிவப்புச் சிவப்பாகப் பழங்கள்.

"இது என்ன சொல்லு?"

"வேம்பு," என்றாள் இனியா சட்டென்று.

"மரம்னு சொல்லக் கூடாதா கண்ணு?"

"மரமில்லீங்க மிஸ். வேம்பு."

மிஸ் தங்கசாமி பக்கம் திரும்பினார். "எல்லாக் குழந்தையும் மரம்னு பொத்தாம்பொதுவா சொல்லுது. இது வகை பிரிக்குதே! வீட்டுல இதெல்லாம் யார் சொல்லிக் குடுக்கறது?"

"யாருமில்லீங்க. இதுல சொல்லிக் குடுக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றார் தங்கசாமி உண்மையாகவே விளங்காமல். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார் மிஸ். சீட்டு உறுதியாயிற்று. அதோடு விடாமல் மார்க்கர் பேனாவை எடுத்து, சுவர்ப் படத்தின் கீழே 'வேம்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தார்.

வாசலில் தனப்பிரியா மகளைத் தூக்கி முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். தங்கசாமி மட்டும் வண்டியைக் கிளப்பாமல், ஜன்னல் வழியே அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க மாமா? அதுதான் சீட்டு கெடைச்சிருச்சே?"

"கெடைச்சிருச்சு, கெடைச்சிருச்சு," என்றார். "வேம்புல பழம் இவ்வளவு பெருசா, செவப்பாக் காய்ச்சிருக்குதே. கன்னு எங்க வாங்குனாங்கன்னு அந்த மிஸ்ஸ ஒரு வார்த்த கேட்டுட்டு வா புள்ள."